இரண்டு ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்தால் வீட்டுக் கணினி வேகமாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினி மந்தமாகிவிட்டால் ஒரே மாதிரியான இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை ‘ரெய்டு 0’ முறையில் இணைத்துக்கொள்ளலாம், வேகம் இரட்டிப்பாகும் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. குறிப்பில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்த வேகம் இரட்டிப்பாகும், எது ஆகாது, அதற்கு எதைப் பணயம் வைக்கிறோம் என்ற மூன்றும் அதில் இல்லை. அதை நம்பி ஒரு குடும்பத்தின் படங்களையும் கணக்குகளையும் அந்த இரண்டு டிஸ்க்குகளில் ஏற்றிவிடும் வாசகர்களை எண்ணித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் இருந்தால் முழுவதும் வெளியிடக் கோருகிறேன்.

முறை எளிதானது. இரண்டு டிஸ்க்குகளையும் ஒரே டிஸ்க்காகக் காட்டி, எழுத வரும் தகவலைச் சம அளவுத் துண்டுகளாக நறுக்கி, முதல் துண்டை முதல் டிஸ்க்கிலும் அடுத்ததை இரண்டாவதிலும் அதற்கடுத்ததை மறுபடி முதலாவதிலுமாக மாற்றி மாற்றி எழுதுவதுதான் ரெய்டு 0; இப்படிப் பிரித்து எழுதுவதற்கு ஸ்ட்ரைப்பிங் என்று பெயர். துண்டின் அளவு பெரும்பாலும் 64 கேபி அல்லது 128 கேபி. லினக்ஸில் நாமாக எதுவும் குறிப்பிடாவிட்டால் 512 கேபி. 3 எம்பி அளவுள்ள புகைப்படம் ஒன்று 64 கேபி கணக்கில் 48 துண்டுகளாகும்; ஒரு டிஸ்க்கில் 24, இன்னொன்றில் 24. படிக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் தம் பங்கைத் தருகின்றன. ஒரு டிஸ்க் நொடிக்கு 150 எம்பி கொடுத்தால், இரண்டும் சேர்ந்து 300 எம்பிக்குப் பக்கத்தில் கொடுக்கும். 4 ஜிபி கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்க 27 நொடி ஆவது 14 நொடியில் முடியும். இவ்வளவும் உண்மை.

ஆனால் வீட்டுக் கணினி மந்தமாக இருப்பதற்குக் காரணம் 4 ஜிபி கோப்பு அல்ல. விண்டோஸ் தொடங்கும்போதும், பிரௌசர் திறக்கும்போதும், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பாக எட்டிப்பார்க்கும்போதும் டிஸ்க்கிலிருந்து கேட்கப்படுபவை 4 கேபி, 16 கேபி, 32 கேபி என்று ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துணுக்குகள். ஒவ்வொன்றுக்கும், சுழலும் தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் முனையான ஹெட் உரிய தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சராசரி 8 அல்லது 9 மில்லிநொடி. நகர்ந்த பின், வேண்டிய இடம் சுழன்று ஹெட்டின் அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க்குக்கு ஒரு சுற்று 8.33 மில்லிநொடி, சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, 4.17 மில்லிநொடி. 5400 சுற்று டிஸ்க் என்றால் 5.56. ஆக, ஒரு துணுக்குக்கு 12, 13 மில்லிநொடி போகிறது. அப்படி ஆயிரம் துணுக்கு கேட்டால் 12 அல்லது 13 நொடி. அந்த ஆயிரம் துணுக்கும் 4 கேபி வீதம் சேர்ந்து மொத்தம் 4 எம்பிதான் இருக்கும். தொடர்ச்சியாக ஒரே இடத்தில் இருந்திருந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் வந்திருக்கும்.

இங்கேதான் ஸ்ட்ரைப்பிங் கைகொடுப்பதில்லை. 4 கேபி துணுக்கு 64 கேபி துண்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே அது ஏதோ ஒரு டிஸ்க்கில் மட்டுமே இருக்கும். மற்ற டிஸ்க்குக்கு அந்த நேரத்தில் வேலையே இல்லை. இரண்டு வண்டி கட்டினால் இரண்டு பங்கு சுமை ஏற்றலாம், ஊர் போய்ச் சேரும் நேரம் குறையாது. சில வேளைகளில் அந்த நேரம் கூடவும் செய்யும். ஒரு கோரிக்கை இரண்டு டிஸ்க்கிலும் பரவியிருந்தால், பின்னால் வருவது எதுவோ அதற்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு தட்டுகளும் ஒத்திசைந்து சுழல்வதில்லை என்பதால், சராசரிச் சுழற்சிக் காத்திருப்பு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சுற்றாக உயர்கிறது, அதாவது 4.17 மில்லிநொடி 5.55 ஆகிறது. பல கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வரிசையில் நின்றால் ஒன்றை இதுவும் இன்னொன்றை அதுவும் கவனித்துக்கொள்ளும், அப்போது ஆதாயம் உண்டு. சர்வர்களில் எப்போதும் அந்த நிலைமைதான். ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்கும் கணினியில், ஒரு துணுக்கு வந்த பிறகுதான் அடுத்தது எது என்றே தெரியும். வரிசை நீளுவதே அபூர்வம்.

இந்தக் காத்திருப்பு எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு டிஸ்க்கின் வரலாறே சாட்சி. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் டிஸ்க் நிமிடத்துக்கு 1200 சுற்று சுழன்றது. அதில் அடங்கியது ஐம்பது லட்சம் எழுத்து. 1992இல் சீகேட்டின் பாரகூடா 7200 சுற்றைத் தொட்டது. இன்றும் மேசைக் கணினிகளின் டிஸ்க் பெரும்பாலும் அதே 7200ஐத் தாண்டுவதில்லை. கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு பெருகிய காலத்தில் சுழற்சி ஆறு மடங்கோடு நின்றுவிட்டது. சர்வர்களுக்கென்று 10,000, 15,000 சுற்று டிஸ்க்குகளும் வந்தன. சூடு, சத்தம், மின்செலவு மூன்றும் ஏறியதுதான் மிச்சம். காத்திருப்பு பாதியாக இறங்கியதே பெரிய விஷயமாக இருந்தது.

எனவே எதையும் வாங்குவதற்கு முன் வாசகர்கள் ஒன்றைச் செய்து பார்க்கட்டும். கணினி திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருப்பதாகக் காட்டி, படிக்கும் வேகமோ நொடிக்கு 1, 2 எம்பி என்று இருந்தால், ஹெட் அங்கும் இங்கும் அலைந்தே நேரம் போகிறது என்று பொருள். ஸ்ட்ரைப்பிங் அதற்கு மருந்தாகாது. அதே 100 சதவீதத்தில் நொடிக்கு 120, 150 எம்பி ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே டிஸ்க்கின் தொடர் வேகம் போதவில்லை என்று சொல்லலாம். பக்கத்திலேயே மெமரியையும் பாருங்கள். 4 ஜிபி ரேம் நிரம்பி வழிந்து, விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலில் கொட்டிக் கொட்டி எடுத்துக்கொண்டிருந்தால், 8 ஜிபி ஆக்கியதும் பாதி நோய் தீர்ந்துவிடும். வீடுகளில் பெரும்பாலும் முதல் வகையையும் மூன்றாம் வகையையும்தான் பார்க்க முடிகிறது. இரண்டாவது வகை மிக அரிது.

அரிது என்றாலும் இல்லை என்று சொல்லவில்லை. வீடியோ தொகுப்பவர்களுக்கு அது நிஜமான தேவை. 1920க்கு 1080 அளவில் சுருக்காத படம் ஒரு ஃப்ரேமுக்கு 6.2 எம்பி, நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் சுமார் 155 எம்பி. ஹார்ட் டிஸ்க்கின் வெளி விளிம்பு அதைத் தாங்கலாம். ஆனால் தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் ஏறக்குறைய பாதியாகும். டிஸ்க் நிரம்பியதும் படம் வெட்டி வெட்டி ஓடும். அங்கே இரண்டு டிஸ்க்கை ஸ்ட்ரைப் செய்வது சரியான தீர்வு. மூலப்பிரதி வேறிடத்தில் பத்திரமாக இருக்க, வேலை நடக்கும் பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளும் இடமாக அதைப் பயன்படுத்தலாம். அழிந்தால் மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகக் கோப்புகளுக்கும் பொருந்தும். வீட்டு நெட்வொர்க்கில் பொதுவாக வைத்துக்கொள்ளும் சேமிப்புப் பெட்டிக்கு இதைச் செய்வதில் பயனே இல்லை. கிகாபிட் நெட்வொர்க்கின் உச்சமே நொடிக்கு 125 எம்பி, கைக்குக் கிடைப்பது 110 சொச்சம். ஒற்றை டிஸ்க்கே அந்தக் குழாயை நிரப்பிவிடும்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். ரெய்டு என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து மிகைப்பிரதியைக் குறிப்பது. ஒரு டிஸ்க் போனாலும் தகவல் பிழைக்க வேண்டும் என்பதே நோக்கம். 1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் அந்தக் கருத்தை முன்வைத்தபோது 1 முதல் 5 வரையிலான நிலைகளைத்தான் வகுத்தார்கள். 0 என்ற எண் பின்னால் ஒட்டிக்கொண்டது. பாதுகாப்பு பூஜ்யம் என்பதை அந்த எண்ணே சொல்கிறது. இரண்டில் எது போனாலும் இரண்டும் போனதற்குச் சமம். ஒரு டிஸ்க் ஓராண்டில் கெட்டுப்போகும் வாய்ப்பு 100க்கு 3 என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு டிஸ்க் ஸ்ட்ரைப்பில் அது 5.9 ஆகும், நான்கில் 11.5 ஆகும்.

‘பாதித் தகவலாவது மிஞ்சாதா?’ என்று பலர் கேட்கிறார்கள். மிஞ்சாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 48 துண்டுப் படத்தில் ஒன்றுவிட்டு ஒன்று இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் அதைப் படமாகக் காட்டாது. 20 கேபி கடிதம் ஒன்று முழுசாக நல்ல டிஸ்க்கிலேயே அமைந்திருக்கலாம். ஆனால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் இதே போலத்தான் நறுக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஒரு கோப்புக்கான பதிவு 1 கேபி. 64 கேபி துண்டு ஒன்றில் 64 பதிவு. ஆகவே அட்டவணையில் 64 கோப்பின் விவரம் இருக்கும், அடுத்த 64 இருக்காது, மறுபடி 64 இருக்கும். தகவல் மீட்பு நிலையங்களும் முதலில் கெட்ட டிஸ்க்கைப் பிழைக்கவைத்து, அதன் முழு நகலை எடுத்த பிறகே இரண்டையும் கோத்துப் பார்க்க முடியும். டிஸ்க் பிழைக்காவிட்டால் அவர்களும் கைவிரிக்க வேண்டியதுதான்.

டிஸ்க் சாகாமலேயே தொகுப்பு உடைவதும் உண்டு. அனுபவத்தில் இதைத்தான் அதிகம் பார்க்கிறோம். மதர்போர்டின் ரெய்டு வசதியில் கட்டிய தொகுப்பு, கணினியின் தொடக்க அமைப்புகளைக் காக்கும் பயாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பினால் காணாமல் போனது போலத் தோன்றும். தனித்தனியாக இரண்டு டிஸ்க் தெரியும், ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும். தயவுசெய்து யாரும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பயாஸில் டிஸ்க் இணைப்பான சாட்டாவின் அமைப்பை மீண்டும் ரெய்டு என்று மாற்றினால், தொகுப்பின் விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருப்பதால் பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்துவிடும். மதர்போர்டே எரிந்துபோனால் சிக்கல் பெரிது. வேறு நிறுவனத்தின் சிப்செட் (போர்டின் இணைப்புகளைக் கையாளும் சில்லு) உள்ள போர்டில் அந்த இரண்டு டிஸ்க்கையும் செருகினால் அது அவற்றை அறியாது. இன்டெல் முறையில் கட்டிய தொகுப்பாக இருந்தால் லினக்ஸின் எம்டிஏடிஎம் கருவி அதைப் புரிந்துகொண்டு படிக்கும். வேறு போர்டு தேடி அலைவதற்கு முன் அதை முயன்று பார்ப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, தேவை இருக்கிறது, தகவலின் இன்னொரு பிரதியும் இருக்கிறது என்பவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

டிஸ்க்குகள் ஒரே கொள்ளளவு, ஒரே சுழற்சி வேகம் உள்ளவையாக இருக்கட்டும். 500 ஜிபியும் 1 டிபியும் சேர்த்தால் மதர்போர்டு ரெய்டில் கிடைப்பது 1 டிபிதான்; பெரிய டிஸ்க்கில் பாதி வீணாகிவிடும். வேகமும் மெதுவான டிஸ்க்கின் வேகத்துக்கு இறங்கிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தடங்களை ஓட்டு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகள் இதற்கு ஆகாது. முதல் சில பத்து ஜிபி வேகமாக எழுதிவிட்டு, உள்ளே உள்ள தற்காலிக இடம் நிரம்பியதும் நொடிக்குச் சில பத்து எம்பிக்கு விழுந்துவிடும். கூட இருக்கும் நல்ல டிஸ்க்கையும் அது காத்திருக்க வைக்கும். தயாரிப்பாளரின் விவரத் தாளில், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகையான சிஎம்ஆர் என்று இருக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

இணைப்பதற்கு முன், ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவையும் பாருங்கள். எண் 5, இடம் மாற்றப்பட்ட செக்டர். 197, சந்தேகத்தில் உள்ள செக்டர். 198, படிக்கவே முடியாத செக்டர். இம்மூன்றின் மூல எண்ணிக்கையும் (ரா வேல்யூ) பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த டிஸ்க்கை ஸ்ட்ரைப்பில் சேர்க்காதீர்கள். 199 ஏறிக்கொண்டே போனால் கோளாறு பெரும்பாலும் டிஸ்க்கில் இருக்காது, சாட்டா கேபிளில் இருக்கும். கேபிளை மாற்றிவிட்டு எண்ணிக்கை நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு நீண்ட ஸ்மார்ட் சோதனையை ஓட்டுங்கள். 2 டிபி டிஸ்க்குக்குக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் பிடிக்கும். அந்த நான்கு மணி நேரத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள்தான் பின்னால் வாரக்கணக்கில் தகவல் மீட்க அலைகிறார்கள்.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்கையும் ஒட்டி ஒட்டி வைக்காமல் நடுவில் ஓர் அறை காலியாக விட்டு, முன்னால் விசிறி காற்று படும்படி மாட்டுங்கள். நான்கு திருகும் இறுகியிருக்கட்டும். ஒன்றின் அதிர்வு மற்றொன்றின் ஹெட்டைத் தடம் தவறச் செய்யும். மறுபடி படிக்க ஒரு முழுச் சுற்று போய்விடும். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். நான்கு டிஸ்க் என்றால் அந்தக் கணத்தில் 100 வாட் பக்கம். பழைய பவர் சப்ளை அதில் தடுமாறினால் ஒரு டிஸ்க் தாமதமாக விழித்து, தொகுப்பு உடைந்ததாகக் காட்டும். நான்கு முள் மின் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் தேவைப்பட்டால், கம்பிகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்து அடைத்த வகையைத் தவிர்த்து, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகச் செருகப்பட்ட வகையை வாங்குங்கள். வார்த்த வகையில் உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

விண்டோஸில் செய்வதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் காலியிடத்தின் மேல் வலது சொடுக்கி, புதிய ஸ்ட்ரைப் தொகுதி என்பதைத் தேர்ந்து இரண்டு டிஸ்க்கையும் சேர்ப்பது பழைய வழி. இது டிஸ்க்குகளை டைனமிக் வகைக்கு மாற்றும். விண்டோஸின் ஹோம் பதிப்பில் இது கிடையாது, இதில் விண்டோஸை நிறுவித் தொடங்கவும் முடியாது. இந்த வகையையே மைக்ரோசாஃப்ட் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. விண்டோஸ் 8 முதல் வந்த ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் இரண்டாவது. அதில் ‘சிம்பிள்’ என்ற வகைதான் ஸ்ட்ரைப். ஹோம் பதிப்பிலும் கிடைக்கும். இதில் ஒரு நுட்பம்: இரண்டு டிஸ்க்கையும் தொடக்கத்திலேயே சேர்த்துத் தொகுதியை உருவாக்க வேண்டும். ஒரு டிஸ்க்கோடு தொடங்கிப் பின்னால் இன்னொன்றைச் சேர்த்தால் இடம்தான் கூடும், தகவல் இரண்டு டிஸ்க்கிலும் பிரித்து எழுதப்படாது. ‘சேர்த்தும் வேகம் கூடவில்லையே’ என்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

மூன்றாவது, மதர்போர்டின் பயாஸ் வழி. விண்டோஸையே ஸ்ட்ரைப்பில் நிறுவ வேண்டும் என்றால் இம்மூன்றில் இது ஒன்றுதான் வழி. ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் சாட்டா அமைப்பை, டிஸ்க்குகள் தனித்தனியாக இயங்கும் வழக்கமான ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்குச் சட்டென்று மாற்றினால் நீலத்திரைதான் வரும். தொடக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று நின்றுவிடும். முன்னதாகவே விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்துவிட்டு, மாற்றத்தைச் செய்து, ஒருமுறை சேஃப் மோடில் எழுந்த பிறகு வழக்கத்துக்குத் திருப்பினால் பல கணினிகளில் சரியாகிவிடும். புதிதாக நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால், ரெய்டு டிரைவரை யூஎஸ்பியில் வைத்து ‘லோட் டிரைவர்’ வழியாகக் கொடுக்க வேண்டும். இரண்டு 2 டிபி டிஸ்க் சேர்ந்து 4 டிபி ஆகும்போது பழைய எம்பிஆர் பகிர்வு முறை 2 டிபிக்கு மேல் எட்டாது என்பதையும் மறக்காதீர்கள். ஜிபிடி முறை வேண்டும். அதிலிருந்து விண்டோஸ் தொடங்க, பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ உள்ள போர்டு வேண்டும்.

லினக்ஸ்காரர்களுக்கு எம்டிஏடிஎம் போதும். மதர்போர்டைச் சாராதது என்பதால் எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். டிஸ்க்கை அடையாளம் காண லினக்ஸ் தரும் எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்களை நம்பாமல் வரிசை எண்ணைச் சரிபார்க்க வேண்டும். யூஎஸ்பி ஒன்று செருகியிருந்தாலே அந்தப் பெயர்கள் இடம் மாறும். தொகுப்பை உருவாக்கிய பின் அதன் விவரத்தை எம்டிஏடிஎம்மின் அமைப்புக் கோப்பில் எழுதி, லினக்ஸ் தொடங்கும்போது முதலில் ஏற்றும் தொடக்கக் கோப்பையும் (இனிட்ராம்எஃப்எஸ்) புதுப்பிக்க வேண்டும். மறந்தால், எம்டி0 என்று வைத்த தொகுப்பு மறுதொடக்கத்தில் எம்டி127 என்று வந்து நிற்கும். பழைய பெயரில் மவுன்ட் செய்யச் சொல்லியிருந்தால் கணினி பாதியில் நின்றுவிடும்.

துண்டின் அளவைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. வீட்டு உபயோகத்துக்கு அவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. பெரிய வீடியோ கோப்புகளுக்கு 128 முதல் 512 கேபி. 4, 8 கேபி என்று மிகச் சிறிதாக வைத்தால் 16, 32 கேபி போன்ற சிறு கோரிக்கைகளும் இரண்டு டிஸ்க்கையும் இழுத்து, முன்சொன்ன மூன்றில் இரண்டு பங்குச் சுற்றுக் காத்திருப்பில் மாட்டிவிடும்.

இரண்டு டிஸ்க் கையில் இருக்கிறது, பயன்படுத்தாமல் விட மனமில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. அவற்றை இணைக்காமல் தனித்தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸும் மென்பொருள்களும் ஒன்றில், உங்கள் கோப்புகள் மற்றதில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது ஒரு ஹெட் படித்துக்கொண்டே போகும், மற்றது எழுதிக்கொண்டே போகும், இரண்டும் அலைவதில்லை. அதே நகலை ஸ்ட்ரைப்புக்குள்ளேயே எடுத்தால் இரண்டு ஹெட்டும் படிக்கும் இடத்துக்கும் எழுதும் இடத்துக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று கெட்டால் மற்றது பிழைக்கும் என்பது கூடுதல் நிம்மதி.

உண்மையான வேகம் வேண்டும் என்றால், தட்டுக்குப் பதில் சில்லுகளில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி ஒன்றே ஒன்று போதும். அதில் நகரும் பாகம் இல்லை. ஒரு துணுக்குக்குச் சுமார் 0.1 மில்லிநொடி; முன்பு 12, 13 நொடி எடுத்த ஆயிரம் துணுக்கு 0.1 நொடியில் வந்துவிடும். எத்தனை ஹார்ட் டிஸ்க்கை ஸ்ட்ரைப் செய்தாலும் இதை எட்ட முடியாது. சாட்டா எஸ்எஸ்டியின் தொடர் வேகமும் நொடிக்கு 500 எம்பிக்கு மேல். கணினி பழையது, நொடிக்கு 3 கிகாபிட் சாட்டாதான் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். தொடர் வேகம் 270, 280 எம்பியில் நின்றாலும் காத்திருப்பு குறைவது அப்படியே கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அதில்தான் இருக்கிறது. சாட்டாவைவிட வேகமான இணைப்புள்ள என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை வாங்குபவர்கள் மட்டும், தங்கள் போர்டின் பயாஸ் அதிலிருந்து தொடங்குமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளட்டும். பழைய போர்டுகள் பல தொடங்காது. விண்டோஸை நகல் எடுத்து மாற்றுபவர்கள், நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு முதல்முறை எஸ்எஸ்டியிலிருந்து மட்டும் தொடங்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் எதிலிருந்து தொடங்கியது என்றே தெரியாமல் குழப்பம் வரும்.

எஸ்எஸ்டி இரண்டை ஸ்ட்ரைப் செய்யலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. தொடர் வேகம் கூடும், துணுக்கு வேகம் கூடாது, கதை அதேதான். போதாக்குறைக்கு, சிப்செட் வழியாகப் போகும் இரண்டு என்விஎம்இ டிஸ்க்குகளும் ப்ராசஸரை அடைய ஒரே பாதைதான். இன்டெல்லின் டிஎம்ஐ 3.0 என்ற பாதை உள்ள போர்டுகளில் அதன் கொள்திறன் நொடிக்கு 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. ஒற்றை டிஸ்க்கே 3.5 ஜிபி கொடுக்கும்போது இரண்டாவதற்கு இடமே இல்லை.

இரண்டு டிஸ்க் அறை கொண்ட வெளிப்பெட்டிகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். இவற்றில் சில, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ரெய்டு 0இல் அமைக்கப்பட்டிருக்கும். வாங்கியவர் ஒரே பெரிய டிஸ்க் என்று நினைத்து, வீட்டின் ஒரே பேக்கப்பையே அதில் வைத்திருப்பார். பெட்டியின் பின்புறம் உள்ள சிறு சுவிட்சையோ, கூட வந்த மென்பொருளையோ இன்றே பார்த்து, ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிரர் முறைக்கு மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும். முதலில் வேறு இடத்துக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே தங்கள் குறிப்பைப் படித்து ஸ்ட்ரைப் செய்துவிட்ட வாசகர்கள் பதற வேண்டியதில்லை. பிரிக்கும் வரிசை மட்டும் முக்கியம். முதலில், தொகுப்பு ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள். நகலிலிருந்து சில பெரிய கோப்புகளையும் சில படங்களையும் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் தொகுப்பை நீக்க வேண்டும். நீக்கிய பின்பே பயாஸை ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். டிஸ்க்கில் பழைய ரெய்டு அடையாளம் மிச்சமிருந்தால் விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் தெரியாமல் அடம்பிடிக்கும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் உரிய டிஸ்க்கைத் தேர்ந்து ‘க்ளீன்’ கட்டளை கொடுத்துப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் ‘க்ளீன் ஆல்’ கொடுத்து டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதவிடுங்கள். அடையாளம் பெரும்பாலும் டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் இருப்பதால் முன்பகுதியை மட்டும் துடைத்தால் அது போவதில்லை. எந்த எண் எந்த டிஸ்க் என்பதை அதன் கொள்ளளவை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள், நகல் உள்ள வெளி டிஸ்க்கை அந்த நேரத்தில் கழற்றி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்